தில்லி – சென்னை, வழி சிங்கப்பூர்

தில்லி சரோஜினி நகர் மார்க்கெட்டில் குவிந்து கிடக்கும் டி-ஷர்ட்டுகளில் திருப்பூரில் தைத்தவை ஏராளம். ஐரோப்பாவுக்கோ அமெரிக்காவுக்கோ கப்பல் ஏறியிருக்க வேண்டியவை. ஆர்டருக்கு மேல் மிஞ்சியோ தையலில் சின்னக் குறை வந்தோ உள்நாட்டிலேயே தங்கிவிட்டவை. காலரில் அயல்நாட்டு லேபிள், விலையோ தில்லிப் பேரம். வெளிநாடு போக வேண்டிய சரக்கு உள்ளூரில் நின்றுவிட்ட கதை இது. இதற்கு நேரெதிரான கதை ஒன்றும் பல ஆண்டுகள் நடந்தது. இந்தியாவுக்குள்ளேயே போய்ச் சேர வேண்டிய சரக்கு, கடல் கடந்து வெளிநாடு போய்விட்டுத் திரும்பி வந்தது. அனுப்பியவருக்கும் தெரியாது, பெற்றவருக்கும் தெரியாது. காரணம், அந்தச் சரக்குக்கு எடையும் இல்லை, லேபிளும் இல்லை. அது இன்டர்நெட்டில் போன தகவல்.

சரோஜினி நகருக்கு முன்பு வினய் நகர் என்று பெயர். மத்திய அரசு ஊழியர்களின் குடியிருப்பு. அமைச்சகங்களில் வேலை கிடைத்துத் தெற்கிலிருந்து வந்த குடும்பங்கள் பல தலைமுறைகளாக இங்கும், பக்கத்தில் லட்சுமிபாய் நகர், ராமகிருஷ்ணபுரம், மோதி பாக் பகுதிகளிலும் வாழ்ந்திருக்கின்றன. 2016இல் மத்திய அரசு மறுசீரமைப்புக்கு ஒப்புதல் தந்த ஏழு குடியிருப்புகளில் சரோஜினி நகரும் ஒன்று. பழைய குவார்ட்டர்ஸ்கள் இடிபட்டு அடுக்குமாடிகள் எழுகின்றன. இந்தத் தெருக்களில் வளர்ந்த தமிழர்களுக்கு இரண்டு விஷயங்கள் மனப்பாடம். ஒன்று, 110023 என்ற பின்கோடு. மற்றொன்று, ஊருக்குப் போகும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸின் பாதை: ஆக்ரா, குவாலியர், ஜான்சி, போபால், நாக்பூர், வாரங்கல், விஜயவாடா, சென்னை.

அந்தக் காலத்துக் கடிதத்துக்கு ஒரு நேர்மை இருந்தது. உறையின் மேல் புறப்பட்ட தபால் நிலையத்தின் முத்திரை, பின்பக்கம் போய்ச் சேர்ந்த ஊரின் முத்திரை. கடிதம் வழி தவறி வேறு ஊர் போய் வந்திருந்தால் அந்த ஊர் முத்திரையும் சேர்ந்து விழுந்திருக்கும். தாமதத்துக்கு யார் காரணம் என்று உறையைத் திருப்பிப் பார்த்தாலே தெரிந்துவிடும். மின்னஞ்சலிலும் இணையப் பக்கத்திலும் வீடியோ அழைப்பிலும் அப்படித் திருப்பிப் பார்க்க உறை ஏது? சரோஜினி நகரிலிருந்து மயிலாப்பூரில் இருக்கும் அம்மாவைக் கூப்பிடும் மகனுக்குத் திரையில் முகம் தெரிகிறது. இடையில் எத்தனை ஊர், எத்தனை நாடு என்பது தெரிவதில்லை.

தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. பெரிய செலவில்லை, பொறியியல் பட்டமும் வேண்டாம். ஏறக்குறைய எல்லாக் கம்ப்யூட்டர்களிலும் அந்தக் கருவி இலவசமாகவே உட்கார்ந்திருக்கிறது. அதன் பெயர் ட்ரேஸ்ரூட். விண்டோஸ் கம்ப்யூட்டரில் கொஞ்சம் குறுக்கி ட்ரேசர்ட் என்று வைத்திருக்கிறார்கள். கமாண்ட் ப்ராம்ப்ட் என்ற கறுப்புத் திரையைத் திறந்து, அந்தச் சொல்லையும் போய்ச் சேர வேண்டிய தளத்தின் பெயரையும் தட்டினால் போதும். தகவல் எந்தெந்தக் கருவிகளைக் கடந்து போகிறது என்பது வரிசையாக விழும்.

இது எப்படி நடக்கிறது? இன்டர்நெட்டில் எந்தத் தகவலும் முழுசாகப் போவதில்லை. சின்னச் சின்னப் பொட்டலங்களாகப் பிரிந்துதான் போகிறது. ஒவ்வொரு பொட்டலத்தையும் வாங்கி, முகவரி பார்த்து, அடுத்த திசையில் தள்ளிவிடும் கருவிக்கு ரவுட்டர் என்று பெயர். ரயில் பாதையில் ஜங்ஷன் மாதிரி. முகவரி தவறிய பொட்டலம் முடிவே இல்லாமல் சுற்றிக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்காக ஒவ்வொன்றிலும் ஒரு எண் எழுதப்பட்டிருக்கும். ஒவ்வொரு ரவுட்டரும் அதில் ஒன்றைக் கழிக்கும். எண் பூஜ்யமானால் பொட்டலம் அங்கேயே குப்பைக்குப் போகும். குப்பையில் போட்ட ரவுட்டர், அனுப்பியவருக்கு ஒரு சீட்டு அனுப்பும்: உன் பொட்டலம் என்னிடம் வந்தபோது காலாவதியாகிவிட்டது. சீட்டில் அந்த ரவுட்டரின் முகவரி இருக்கும்.

ட்ரேஸ்ரூட்டின் தந்திரம் இந்தச் சீட்டில்தான் இருக்கிறது. வேண்டுமென்றே ஒரு ஸ்டேஷனுக்கு மட்டும் டிக்கெட் வாங்கி ஒருவரை ரயிலேற்றினால் என்ன ஆகும்? முதல் ஸ்டேஷனில் இறக்கிவிடுவார்கள். அவர் அந்த ஊர்ப் பெயரைச் சொல்லித் தந்தி அடிப்பார். அடுத்தவருக்கு இரண்டு ஸ்டேஷன் டிக்கெட். அதற்கடுத்தவருக்கு மூன்று. இப்படியே வரிசையாக வரும் தந்திகளை அடுக்கினால் கால அட்டவணை கையில் இல்லாமலே மொத்தப் பாதையும் தெரிந்துவிடும். சாஃப்ட்வேர் செய்வது இவ்வளவுதான். சந்தேகத்துக்கு இடமில்லாமல் ஒவ்வொரு நிலையத்துக்கும் மூன்று முறை அனுப்பிப் பார்க்கும். முப்பது நிலையங்களுக்குள் போய்ச் சேராவிட்டால் தானாகவே நிறுத்திக்கொள்ளும்.

இதை எழுதியவர் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் இருந்த வான் ஜேக்கப்சன். யோசனை கொடுத்தவர் ஸ்டீவ் டீரிங். காலம் 1980களின் பிற்பகுதி. 1986 அக்டோபரில் அந்த ஆய்வுக்கூடத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையிலான இணைப்பு திடீரென்று படுத்துவிட்டது. இரண்டுக்கும் இடையே இருந்த தூரம் வெறும் 400 கஜம். விநாடிக்கு 32 ஆயிரம் பிட் போய்க்கொண்டிருந்த இடத்தில் 40 பிட்தான் போனது. அந்த நெரிசல் ஏன் வந்தது என்று ஆராய்ந்து ஜேக்கப்சன் சொன்ன தீர்வுகள்தான் பிறகு இன்டர்நெட்டை முழு முடக்கத்திலிருந்து காப்பாற்றின. அதற்கும் முன்னால், 1983 டிசம்பரில், அமெரிக்க ராணுவ ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை பார்த்த மைக் மூஸ் பிங் என்ற சின்ன சாஃப்ட்வேரை எழுதியிருந்தார். நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடும் சோனார் எழுப்பும் ஒலியின் பெயரை அதற்கு வைத்தார். மறுமுனை உயிரோடு இருக்கிறதா என்று கேட்பது பிங். எந்த வழியாக என்று கேட்பது ட்ரேஸ்ரூட்.

வந்து விழும் வரிகளைப் படிப்பதும் கஷ்டமில்லை. முதல் வரி அநேகமாக 192.168 என்று ஆரம்பிக்கும். அது உங்கள் வீட்டு மோடம். அடுத்தடுத்த வரிகள் உங்களுக்கு இணைப்புக் கொடுக்கும் நிறுவனத்தின் கருவிகள். சில வரிகளில் எண்களோடு பெயரும் இருக்கும். அதில் மூன்றெழுத்துச் சுருக்கம் ஒன்று ஒளிந்திருந்தால் கவனிக்க வேண்டும். பல நிறுவனங்களின் இன்ஜினியர்கள் ரவுட்டருக்குப் பெயர் வைக்கும்போது விமான நிலையக் குறியீட்டைச் சேர்ப்பது வழக்கம். டி.இ.எல். என்றால் தில்லி. எஸ்.ஐ.என். என்றால் சிங்கப்பூர். எல்.எச்.ஆர். என்றால் லண்டன். அதில் ஒரு வேடிக்கை. ஊர்களின் பெயர்களை அரசுகள் மாற்றிவிட்டாலும் குறியீடுகள் மாறவில்லை. சென்னை இன்னும் எம்.ஏ.ஏ., மும்பை இன்னும் பி.ஓ.எம். மெட்ராஸும் பம்பாயும் ரவுட்டர்களின் உலகத்தில் சாகவில்லை.

பெயரைவிட நம்பகமான சாட்சி நேரம். ஒவ்வொரு வரியிலும் பொட்டலம் போய்ப் பதில் வந்த நேரம் மில்லி விநாடியில் இருக்கும். கண்ணாடி இழைக் கேபிளில் ஒளி விநாடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. அதாவது ஒரு மில்லி விநாடிக்கு 200 கிலோமீட்டர். போகவும் வரவும் சேர்த்தால் 100 கிலோமீட்டர் தொலைவுக்கு ஒரு மில்லி விநாடி. இதைவிட வேகமாக எந்தக் கம்பெனியாலும் அனுப்ப முடியாது. இயற்பியல் போட்ட வேலி. தில்லியிலிருந்து சென்னைக்கு ரயில் பாதை ஏறக்குறைய 2,180 கிலோமீட்டர். ரயில் பாதை ஓரமாகவே கேபிள் போனால் பதில் வரக் குறைந்தபட்சம் 22 மில்லி விநாடி ஆகும். இது வெறும் கற்பனை அல்ல. 2000இல் தொடங்கிய ரயில்டெல் நிறுவனம் தண்டவாள ஓரத்தில்தான் இழை பதித்திருக்கிறது. நடுவே ரவுட்டர்களின் வேலை நேரமும் கேபிளின் சுற்றுவழியும் சேர்ந்து நிஜத்தில் 35, 40 என்று வரலாம்.

அதே பொட்டலம் சென்னையைத் தாண்டிச் சிங்கப்பூர் போய் அங்கிருந்து சென்னைக்குத் திரும்பினால்? சென்னை–சிங்கப்பூர் கடலடிக் கேபிள் சுமார் 3,200 கிலோமீட்டர். 2,200, 3,200, மறுபடி 3,200. கூட்டினால் 8,600. பதில் வரக் குறைந்தது 86 மில்லி விநாடி. அமெரிக்கா போய் வந்தால் 200ஐத் தாண்டும். ஆக, தில்லியிலிருந்து சென்னைத் தளம் ஒன்றுக்கு 40 மில்லி விநாடி என்று வந்தால் தகவல் நாட்டை விட்டு வெளியே போகவில்லை என்று சத்தியம் செய்யலாம். 250 என்று வந்தால் சந்தேகப்படலாம்.

சந்தேகத்தைப் படமாக்கிப் பார்க்க ஆசைப்பட்டவர்கள் 1990களிலேயே இருந்தார்கள். விஷுவல்ரூட், நியோட்ரேஸ் போன்ற சாஃப்ட்வேர்கள் அந்தப் பத்தாண்டின் இறுதியில் பிரபலமாயின. ட்ரேஸ்ரூட் கொடுக்கும் வரிகளை வாங்கி, ஒவ்வொரு ரவுட்டரும் எந்த ஊரில் இருக்கும் என்று ஊகித்து, உலக வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டும். இவை எதுவும் இல்லாமலும் படம் போடலாம். பள்ளிக்கூடத்து கிராஃப் காகிதம் போதும். கிடைக்கோட்டில் தீர்க்கரேகை, செங்குத்துக் கோட்டில் அட்சரேகை. தில்லி 77.2, 28.6. மும்பை 72.9, 19.1. சென்னை 80.3, 13.1. சிங்கப்பூர் 103.8, 1.3. புள்ளி வைத்துக் கோட்டை இழுத்தால் தகவலின் பாதை கண்ணுக்குத் தெரியும். கணக்குத் தாள் சாஃப்ட்வேரில் இதே எண்களைக் கொடுத்தால் அதுவே கோடு போடும். எட்டாம் வகுப்புப் பையன் ஒரு மாலை நேரத்தில் முடிக்கக்கூடிய வேலை.

பெரிய அளவில் இதைச் செய்தவர்கள் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த பில் செஸ்விக், ஹால் பர்ச் இருவரும். 1998இல் ஆரம்பித்து, ஒரே இடத்திலிருந்து உலகெங்கும் உள்ள வலைகளுக்குத் தினமும் இப்படிப் பொட்டலங்களை அனுப்பி, கிடைத்த பாதைகளையெல்லாம் ஒரே படமாக வரைந்தார்கள். கிளை மேல் கிளை விட்ட பவழப்பாறை மாதிரி இருந்த அந்தப் படம் உலகைச் சுற்றி வந்தது. 1999இல் நேட்டோ விமானங்கள் யுகோஸ்லாவியா மீது குண்டு வீசியபோது இந்தத் தினசரிச் சோதனை வேறொரு காட்சியைக் காட்டியது. மின்சாரம் போனபோது அந்த நாட்டின் வலைகள் படத்திலிருந்து மறைந்தன. மின்சாரம் வந்ததும் திரும்பின. குண்டு விழும் ஊருக்குப் போகாமலே, நியூஜெர்ஸியில் ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து போரின் நிழலைப் பார்க்க முடிந்தது.

இந்தியாவின் கதைக்கு வருவோம். 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இன்டர்நெட் வழங்க ஆரம்பித்தது. (பின்கோடு பிறந்ததும் ஒரு சுதந்திர தினத்தில்தான், 1972இல்.) ஒரே நிறுவனம் இருந்தவரை வழிச் சண்டைக்கு இடமில்லை. 1998 நவம்பரில் தனியாருக்குக் கதவு திறந்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் இன்ஃபோவே முதலில் நுழைந்தது. பிறகு வரிசையாகப் பலர் வந்தார்கள். பிரச்சினையும் அப்போதுதான் வந்தது.

ஒரே குவார்ட்டர்ஸில் மேல்வீட்டுக்காரர் ஒரு கம்பெனியின் இணைப்பு, கீழ்வீட்டுக்காரர் இன்னொன்று என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு கம்பெனிகளுக்கும் நடுவில் நேரடிக் கேபிள் இல்லை. போட்டியாளருக்கு எதற்குக் கேபிள் என்ற நினைப்பு. ஆனால் இரண்டு பேரும் வெளிநாட்டுப் பெரிய நிறுவனங்களிடம் அலைவரிசை வாங்கியிருக்கிறார்கள். அந்த வெளிநாட்டு நிறுவனங்கள் அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ ஒன்றோடொன்று கைகுலுக்குகின்றன. ஆகவே மேல்வீட்டிலிருந்து கீழ்வீட்டுக்குப் போக வேண்டிய மின்னஞ்சல் கடல் தாண்டிப் போய், கைமாறி, திரும்ப வருகிறது. படிக்கட்டு பத்துப் படி. பயணம் பல ஆயிரம் கிலோமீட்டர். போகும்போது ஒரு கம்பெனியும் வரும்போது இன்னொரு கம்பெனியும் சர்வதேச அலைவரிசைக்கு டாலரில் காசு கொடுத்தன. கடைசியில் அந்தக் காசு யார் பாக்கெட்டிலிருந்து போனது என்று சொல்ல வேண்டியதில்லை.

காசு மட்டுமே கணக்கல்ல. உள்நாட்டுத் தகவல் அயல்நாட்டு மண்ணைத் தொட்டால் அந்த நாட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்படும். ஒட்டுக் கேட்பதற்கு அங்கே யாருக்கு அதிகாரம் உண்டோ அவர்களுக்கு அது எட்டும். 2013இல் எட்வர்ட் ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்கள், பிரிட்டிஷ் உளவு அமைப்பு கடலடிக் கேபிள்களிலேயே தகவல்களை அள்ளியதைக் காட்டின. கனடாவில் இந்தக் கவலை ஒரு ஆராய்ச்சியாகவே ஆனது. டொரோண்டோ பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ கிளெமன்ட்டும் சகாக்களும் நடத்திய ஐஎக்ஸ்மேப்ஸ் திட்டம், சாதாரண மக்கள் தங்கள் கம்ப்யூட்டர்களில் எடுத்துக் கொடுத்த ட்ரேஸ்ரூட்டுகளைச் சேர்த்து வரைபடமாக்கியது. கனடாவில் புறப்பட்டு கனடாவிலேயே முடிகிற தகவல் நியூயார்க்கோ சிகாகோவோ போய் வருவதை அது படம் போட்டுக் காட்டியது. எறிந்தவனிடமே திரும்பி வருவதால் பூமராங் என்று பெயரிட்டார்கள். ஸ்கார்பரோவில் இருக்கும் தமிழர் மாண்ட்ரியாலில் இருக்கும் தங்கைக்கு அனுப்பும் புகைப்படமும் இதற்கு விலக்கல்ல.

இந்தியா இந்த நோய்க்குக் கொடுத்த மருந்தின் பெயர் நிக்ஸி. இந்திய தேசிய இன்டர்நெட் எக்ஸ்சேஞ்ச். 2003 ஜூனில் லாபநோக்கமற்ற கம்பெனியாகப் பதிவானது. நொய்டா, மும்பை, சென்னை, கொல்கத்தா ஆகிய நான்கு இடங்களில் சந்திப்பு மையங்கள் அமைந்தன. யோசனை எளிது. எல்லாக் கம்பெனிகளும் ஒரே அறைக்குக் கேபிளைக் கொண்டு வரட்டும். உள்நாட்டுத் தகவலை அங்கேயே கைமாற்றிக்கொள்ளட்டும். சரோஜினி நகரின் மேல்வீட்டு அஞ்சல் யமுனையைத் தாண்டி நொய்டா வரை போனால் போதும், அட்லாண்டிக்கைத் தாண்ட வேண்டாம்.

மருந்து உடனே முழுசாக வேலை செய்துவிடவில்லை. மையத்துக்கு வந்த கம்பெனிகள் எல்லாத் தடங்களையும் அங்கே அறிவிக்கவில்லை. தகவலை யார் கேட்டு வாங்குகிறாரோ அவரே கொடுத்தவருக்குக் கட்டணம் தர வேண்டும் என்ற விதியும் சிறிய கம்பெனிகளுக்குச் சுமையாக இருந்தது. அவர்களுடைய வாடிக்கையாளர்கள் கேட்பதே அதிகம், கொடுப்பது குறைவு. பிறகு தனியார் சந்திப்பு மையங்களும் வந்தன. பிராங்க்பர்ட்டை மையமாகக் கொண்ட டி-சிக்ஸ் மும்பையில் கடை விரித்தது. கூகுள், நெட்ஃபிளிக்ஸ் போன்ற பெரிய நிறுவனங்கள் மக்கள் அதிகம் கேட்கும் வீடியோக்களின் பிரதிகளை இணைப்புக் கம்பெனிகளின் கட்டடங்களுக்குள்ளேயே வைத்துவிட்டன. இன்று தில்லியில் பிரபலமான வீடியோ தளம் ஒன்றுக்கு ட்ரேஸ்ரூட் போட்டால் பாதை பெரும்பாலும் அதே ஊரில் முடிந்துவிடும். சாதாரண ஒரு சிறிய பத்திரிகையின் தளம், மாவட்டக் கல்லூரி ஒன்றின் தளம் என்று தேடினால் கதை வேறாக இருக்கலாம். தளம் தமிழில் இருப்பதால் அதன் கம்ப்யூட்டரும் தமிழ்நாட்டில் இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. வாடகை எங்கே மலிவோ அங்கே அது இருக்கும்.

வெளிநாட்டுக்கு உண்மையிலேயே போக வேண்டிய தகவலுக்கும் வழி முக்கியம். இந்தியாவின் சர்வதேச இன்டர்நெட்டில் மிகப் பெரும் பகுதி கடலடியில் கிடக்கும் கேபிள்களில்தான் போகிறது. அவை கரையேறும் இடங்கள் சிலவே. மும்பையும் சென்னையும் முக்கியமானவை. 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாண்ட்ரியாவுக்கு அருகே சீ-மீ-வீ 4, ஃபிளாக் ஆகிய இரண்டு கேபிள்களும் அறுந்தபோது இந்திய கால் சென்டர்கள் திணறின. மேற்கு வழி அடைபட்டதும் தகவல்கள் கிழக்கே திரும்பி, பசிபிக்கைச் சுற்றி ஐரோப்பா போக முயன்றன. அன்று ட்ரேஸ்ரூட் போட்டவர்களுக்குச் செய்தித்தாள் வருவதற்கு முன்பே வழி மாறியது தெரிந்திருக்கும். 2024 பிப்ரவரியில் செங்கடலில், தாக்குதலுக்கு உள்ளாகி மூழ்கிக்கொண்டிருந்த ஒரு கப்பலின் நங்கூரம் இழுபட்ட வழியில் கேபிள்கள் சேதமாயின. இலங்கை 2004 ஆகஸ்டிலேயே இந்தப் பாடத்தைப் படித்தது. கொழும்புக்கு அருகே ஒரு கப்பலின் நங்கூரம் கேபிளைச் சேதப்படுத்தியதில் தீவின் இன்டர்நெட் முடங்கியது. எத்தனை வழி என்ற கேள்வி எத்தனை வேகம் என்ற கேள்வியைவிடப் பெரியது.

கேபிள் அறாமலும் வழி மாறும். 2008 பிப்ரவரி 24 அன்று பாகிஸ்தான் டெலிகாம், அரசு உத்தரவுப்படி தன் நாட்டுக்குள் யூட்யூபைத் தடுக்க முயன்றது. யூட்யூபின் முகவரிகளுக்கு வழி இதோ என்னிடம் இருக்கிறது என்று அது செய்த அறிவிப்பு எல்லை தாண்டிக் கசிந்தது. உலகின் மற்ற ரவுட்டர்கள் அதை நம்பின. சுமார் இரண்டு மணி நேரம் உலகின் பல பகுதிகளில் யூட்யூப் கிடைக்கவில்லை. இன்டர்நெட்டின் வழிகாட்டிப் பலகைகள் பெரும்பாலும் ஒருவர் சொல்வதை மற்றவர் நம்புவதில்தான் நிற்கின்றன. பலகை சொல்லும் திசையில் வண்டி போகிறதா என்று யாராவது நடந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆனால் வரைபடத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. ட்ரேஸ்ரூட்டில் சில வரிகளில் வெறும் நட்சத்திரக் குறிகள் விழும். அந்த ரவுட்டர் பதில் சொல்ல மறுக்கிறது என்று அர்த்தம், பழுது என்று அல்ல. சில கம்பெனிகள் தங்கள் உள்வழியை மறைத்துவிடும். தில்லியில் இறங்கிய பொட்டலம் சுரங்கத்தில் போனது போலச் சென்னையில் எழும். போன வழியும் திரும்பிய வழியும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. கருவி காட்டுவது போன வழியை. நேரமோ இரண்டு வழிகளுக்கும் சேர்த்து. எனவே 250 மில்லி விநாடி என்றதும் கம்பெனியைத் திட்டுவதற்கு முன் மறுமுனையிலிருந்தும் ஒரு முறை போட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது, எண்ணை ஊராக மாற்றும் பட்டியல். அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலத்தின் ஒரு பண்ணை வீட்டுக்குப் பல ஆண்டுகள் போலீஸும் வரி அதிகாரிகளும் ஏமாந்து கோபம் கொண்டவர்களும் வந்து கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். திருடு போன போனா, மோசடி மின்னஞ்சலா, எல்லாவற்றுக்கும் அந்த வீடே குற்றவாளி. காரணம் 2016இல் வெளிவந்தது. இணைய முகவரிகளுக்கு ஊர் சொல்லும் நிறுவனம் ஒன்று, அமெரிக்காவில் எங்கோ என்பதற்கு மேல் எதுவும் தெரியாத முகவரிகளை நாட்டின் நடுப்பகுதியில் ஒரு புள்ளியில் குறித்து வைத்திருந்தது. 38 டிகிரி வடக்கு, 97 டிகிரி மேற்கு. 60 கோடிக்கு மேற்பட்ட முகவரிகளைச் சுமந்த அந்தப் புள்ளி, அந்த வீட்டு வாசலில் விழுந்தது. விவரம் தெரிந்ததும் புள்ளியை ஒரு ஏரியின் நடுவே மாற்றினார்கள். தெரியாது என்று சொல்ல வேண்டிய இடத்தில் ஒரு புள்ளி வைத்ததற்கு யாரோ ஒரு குடும்பம் விலை கொடுத்தது.

இங்கேதான் பழைய மில்லி விநாடிக் கணக்கு கைகொடுக்கிறது. படம் ஒரு ரவுட்டரைக் கன்சாஸில் காட்டுகிறது, பதிலோ 30 மில்லி விநாடியில் வந்துவிட்டது என்றால் படம் பொய். 30 மில்லி விநாடியில் 3,000 கிலோமீட்டருக்கு மேல் போய்த் திரும்ப ஒளியாலேயே முடியாது. தில்லியைச் சுற்றி 3,000 கிலோமீட்டர் வட்டம் போட்டால் அதில் சென்னை விழும், கன்சாஸ் விழாது. ஊர்ப் பெயர் தவறலாம், பட்டியல் பழசாகலாம். தூரம் மட்டும் பொய் சொல்லாது. கெட்டிக்கார சாஃப்ட்வேர்களைவிட ஒரு பேனாவும் இந்த ஒரு பெருக்கல் கணக்கும் பல நேரங்களில் நல்ல நீதிபதிகள்.

வீட்டில் நெட் மந்தம் என்று புகார் செய்தால் மோடத்தை அணைத்துப் போடுங்கள் என்ற பதில்தான் முதலில் வருகிறது. அப்போது கையில் ஒரு ட்ரேஸ்ரூட் இருப்பது நல்லது. இரண்டாம் வரியிலேயே நேரம் எகிறி, அதன்பின் எல்லா வரிகளிலும் அப்படியே இருந்தால் கோளாறு உங்கள் வீட்டுக்கும் கம்பெனிக்கும் நடுவில். ஒரே ஒரு வரியில் மட்டும் எகிறி அடுத்த வரியில் இறங்கிவிட்டால் அது கோளாறே இல்லை. அந்த ரவுட்டருக்குச் சீட்டு எழுத நேரமில்லை, அவ்வளவுதான். கடைசி வரிகளில் மட்டும் எகிறினால் குற்றம் மறுமுனையில். காலை, மாலை, இரவு என்று ஒரு வாரம் எடுத்துத் தேதி போட்டு வைத்தால் புகாருக்கு முதுகெலும்பு வரும். இதையே தொடர்ந்து செய்து காட்டும் எம்.டி.ஆர். என்ற இலவசக் கருவியை மாட் கிம்பல் 1997இல் எழுதினார். ஐரோப்பாவின் ரைப் அமைப்பு 2010 முதல் நடத்தும் அட்லஸ் திட்டத்தில், உள்ளங்கையளவுக் கருவிகளைத் தன்னார்வலர்கள் தங்கள் வீடுகளில் செருகி வைக்கிறார்கள். இந்தியாவிலும் இருக்கிறார்கள். அவர்களுடைய அளவீடுகளிலிருந்துதான் கேபிள் அறுந்த நாட்களின் உண்மைப் படம் தெரிகிறது.

உள்ளாட்சிச் சான்றிதழ் முதல் ஓய்வூதியம் வரை, வங்கிக் கணக்கு முதல் குழந்தையின் தேர்வு முடிவு வரை எல்லாமே இந்தக் கேபிள்களில் ஏறிவிட்டன. சாலையில் பள்ளம் என்றால் கவுன்சிலரைக் கேட்க முடிகிறது. ரயில் நாலு மணி நேரம் தாமதம் என்றால் எந்த ஸ்டேஷனில் நின்றது என்று கேட்க முடிகிறது. தகவலின் பாதையைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை, கண்ணுக்குத் தெரியாததால். கேட்பதற்கான கருவி நாற்பது ஆண்டுகளாக மேஜை மேலேயே இருக்கிறது. தட்ட வேண்டியது ஒரு சொல், காத்திருக்க வேண்டியது அரை நிமிடம்.